ஷீபாவின் காலும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

ரப்பர் ஷீட்டைப் புகைப்புரையில் காயப்போடும் நாட்களில் எழும் புளித்த நாற்றம் பாவாடையில் ஏறிவிட்டால், இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. அருமனைக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில வழிப் பள்ளியில், எட்டாம் வகுப்பில் அந்த நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் நானும் ஷீபாவும் மட்டுமே. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர். ஷீபாவின் அப்பா தங்கராஜ் மாமா, அதே தோட்டத்தில் விடியுமுன் ‘பால்வெட்டு’க்குப் போய், மரத்துக்கு மரம் பட்டையைக் கீறிச் சிரட்டையில் பால் வடிய வைக்கிறவர். பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று இருவரும் சேர்ந்துதான் எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்த ஆண்டு ஆங்கில இலக்கணம் எடுத்த டீச்சர் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹெர்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்று வாய்ப்பாடு மாதிரி எங்களைச் சொல்லவைப்பார். ஒரு காரியத்தைச் செய்தவரும் அதைப் பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இந்தச் சொற்கள் வரும் என்பது விதி. நான் கண்ணாடியில் என்னையே பார்த்தால் மைசெல்ஃப்; நான் ஷீபாவைப் பார்த்தால் அதற்கு வேலையில்லை. அழுத்தம் கொடுக்கவும் போடலாமாம், தலைமையாசிரியை தாமே வந்தார் என்பதுபோல.

ஒருநாள் வகுப்புக்கு வந்த விருந்தினர் ஒருவர் பெயரைக் கேட்டபோது, ஷீபா எழுந்து ‘மைசெல்ஃப் ஷீபா’ என்றாள். கல்ஃபிலிருந்து லீவில் வரும் அண்ணன்மார்கூட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். விருந்தினர் போனதும் டீச்சர் அவளை மதியச் சாப்பாட்டு மணி வரைக்கும் பெஞ்சின் மேல் நிறுத்தி வைத்தார். இடம் தெரியாமல் அந்தச் சொல்லைப் போட்டால் அர்த்தமே கெட்டுப்போகும் என்று எங்கள் எல்லோருக்குமாகச் சொன்னார். நான் அதை நம்பினேன். அவ்வளவு கவனமாகக் கையாள வேண்டிய சொல் போலிருக்கிறது என்று பயந்தும் போனேன்.

ஆனி மாத மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. பள்ளியின் பெரிய இரும்புக் கேட்டின் மேல்கீல் உடைந்து, பல வாரங்களாக அதைக் கயிறு போட்டுத் தூணோடு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு மதியம் மாடொன்று உள்ளே புகுந்து பூச்செடிகளைத் தின்னத் தொடங்கியது. வாட்ச்மேன் வராத நாள். டீச்சர் வாசலோரம் இருந்த எங்கள் இருவரையும் அழைத்து, மாட்டை விரட்டிவிட்டுக் கேட்டைச் சாத்திவிட்டு வரும்படி சொன்னார். விரட்டினோம். சாத்துவதற்காகத் தள்ளியபோது நனைந்து இற்றிருந்த கயிறு அறுந்தது. கேட் முதலில் என் பக்கம் சாய்ந்தது, பிறகு திரும்பி ஷீபாவின் மேல் விழுந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுடைய இடது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நான் அந்த இரும்பைத் தூக்கப் பார்த்ததும், அது அசையாததும் இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் தங்கராஜ் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பள்ளியிலிருந்து, அவருடைய கையெழுத்தைக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மாமாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது.

“மக்கா, இதுல ஒப்பு போடச் சொல்லியிருக்கு. என்ன எழுதியிருக்குண்ணு பாத்துச் சொல்லு.”

மாமாவே எழுதுவதுபோல எழுதியிருந்தார்கள். எழுதிய கை டீச்சருடையது; கரும்பலகையில் தினமும் பார்க்கிற அதே சாய்வான எழுத்து. என் மகள் பள்ளியில் விளையாடிக்கொண்டிருந்தபோது என்று தொடங்கி, ‘ஹர்ட் ஹெர்செல்ஃப்’ என்று முடிந்தது அந்த வாக்கியம். நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். செய்தவள் ஷீபா, பட்டவளும் ஷீபா. விதி அப்படித்தான் சொல்கிறது.

“அவளே அவளுக்க காலுல காயம் உண்டாக்கினாண்ணு எழுதியிருக்கு மாமா.”

“கேட்டு விழுந்த காரியம்?”

“கேட்டுண்ணு ஒரு வார்த்தைகூட இதுல இல்ல.”

மாமா காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் காலை, வெட்டு முடிந்ததும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார்.

தலைமையாசிரியை அறையில் டீச்சரும் இருந்தார். ஆங்கிலத்தில் அது வெறும் பேச்சுவழக்கு, தடுக்கி விழுந்த குழந்தையைக்கூட அப்படித்தான் சொல்வார்கள், அதில் யார்மீதும் குற்றமில்லை என்று டீச்சர் சிரித்தபடி விளக்கினார். அவர் சொன்னது முழுப்பொய் இல்லை என்பதைப் பின்னாளில் கல்லூரியில் தெரிந்துகொண்டேன். அது என் கோபத்தை ஆற்றவில்லை, இரட்டிப்பாக்கியது. அந்தச் சொல்லை இடம் தெரியாமல் போட்டதற்காக ஒரு பெண்ணைப் பெஞ்சில் ஏற்றியவருக்கு, அதற்குள் எவ்வளவு ஒளித்து வைக்கலாம் என்பதும் நன்றாகத் தெரிந்திருந்தது.

“நீங்கதானே டீச்சர் எங்களப் போகச் சொன்னீங்க” என்றேன். தலைமையாசிரியை என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை.

மாமா குரலை உயர்த்தவே இல்லை. “தமிழ்ல எழுதித் தாங்க டீச்சர். கேட்டு எனக்க புள்ளைக்க மேல விழுந்துதுண்ணு எழுதுங்க. இப்பமே ஒப்பு போடுதேன்.”

மேலிடத்துக்குத் தமிழ்க் கடிதம் அனுப்ப முடியாது என்றார்கள். மாமா காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

அந்த வாரமே கேட்டுக்குப் புதுக் கீல் போட்டார்கள். ஷீபா நான்கு மாதம் வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்தபோது வருகைநாள் போதாது, எட்டாம் வகுப்பை மறுபடி படிக்கட்டும் என்றார்கள். வருகை ஏன் குறைந்தது என்று அந்த அறையில் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை. மாமா அவளை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தார். ஊரில் பலர் அவரைத்தான் குறை சொன்னார்கள். என் அம்மாவே, “ஒரு ஒப்பு போட்டா என்ன போச்சு? புள்ளைக்க படிப்புல்லா போச்சு” என்றாள்.

அரையாண்டுத் தேர்வில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வி வந்தது: ‘ஷி ஹர்ட்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. என்ன எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதினேன். ஒரு மதிப்பெண் கிடைத்தது. டீச்சர்மேல் உள்ள கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம் அந்த விடைத்தாள்மேல் எனக்கு இருக்கிறது.

ஷீபா இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மழைக்காலத்தில் கால் வலிக்கும். இந்தப் பேச்சை எடுத்தால், “விடுட்டி, நீ இன்னும் அதையா நெனச்சிட்டிருக்க” என்பாள். விடுகிற உரிமை அவளுக்கு உண்டு. எனக்கு உண்டா என்று தெரியவில்லை. மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். எதிரே இருந்த ரப்பர் தோட்டம் வீட்டுமனைகளாகிவிட்டது.

என் மகள் நாகர்கோவிலில் படிக்கிறாள். போன வாரம் அவளுடைய பள்ளியிலிருந்து போனுக்கு ஒரு படிவம் வந்தது. பிள்ளை பள்ளி வளாகத்தில் தனக்குத் தானே தீங்கு விளைவித்துக்கொண்டால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அழகான ஆங்கிலத்தில் ஒரு வரி. ஒரு மணி நேரத்துக்குள் வகுப்பின் பெற்றோர் அனைவரும் சம்மதித்துவிட்டார்கள். டாக்டர்கள், என்ஜினியர்கள், ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பள்ளி அலுவலகப் பெண் இரண்டு முறை அழைத்து, நான் மட்டும்தான் பாக்கி என்றாள்.

திரையில் ‘சம்மதம்’ என்று ஒரே பொத்தான்தான் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்ல இடமே வைக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் திருப்பி வைக்க ஒரு மேசைகூட இல்லை. நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். நேரில் போகிறேன்.