பூஜையில் வைத்த இன்டர்நெட்

அந்த ஆயுத பூஜை எனக்கு இந்த வரிசையில்தான் ஞாபகம் இருக்கிறது.

1. சித்தப்பா வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கினார்.
2. அக்கா அதை வீட்டிலிருந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் பிரித்துக் கொடுத்தாள்.
3. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்களுக்கும் பொட்டு வைத்தோம்.
4. சிங்கப்பூரிலிருந்து அக்காவைப் பார்க்க இருந்தவரால் பார்க்க முடியவில்லை.
5. படையலுக்கு முன்பே எனக்குப் பொரி கிடைத்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. இந்தப் பட்டியலில் ஐந்தாவதுதான் எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

திருவண்ணாமலையில் எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று அண்ணன் தம்பி மூவரும் ஒன்றாக இருந்தார்கள். அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். அந்த வருடம்தான் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, தீபாவளி முடிந்ததும் சேர வேண்டியிருந்தது. பெரியப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "சிங்கப்பூர் சம்பந்தம் முடிஞ்சிட்டா அப்புறம் வேலை எதுக்கு? தையிலயே கல்யாணத்த வச்சிடலாம்" என்று சாப்பிடும்போது சொன்னார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இன்டர்நெட் மோடம் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. ரவுட்டர் வாங்கலாம் என்று அக்கா சொன்னதற்குச் சித்தப்பா, "இருக்கறத வச்சி ஓட்டு, எல்லாம் ஓடும்" என்றுவிட்டார். அக்கா ஒரு சின்னப் பெட்டியும் நீல ஒயரும் வாங்கிவந்து, சுவரோரமாகக் கிளிப் அடித்து, ஹாலில் இருந்த கம்ப்யூட்டருக்கும் தன் அறைக்கும் இழுத்தாள். ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனது நான்.

அந்த ஏற்பாட்டில் ஒரு சங்கதி உண்டு. சித்தப்பாவின் கம்ப்யூட்டர் ஓடினால்தான் மற்ற இரண்டுக்கும் இன்டர்நெட் வரும். அதை நிறுத்திவிட்டால், மாடித் தொட்டியின் வால்வை மூடியதும் சமையலறைக் குழாய் நின்றுபோவது மாதிரி எல்லாம் நின்றுவிடும். சித்தப்பா திரையை மட்டும் அணைப்பார், பெட்டியை அணைக்கவே மாட்டார். அதனால் மற்ற பெரியவர்கள் யாருக்கும் இது தெரியாது. அவருக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பெண் பார்க்க ஆயுத பூஜை மாலையைக் குறித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வேலூரிலிருந்து நேரில் வருவார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்தபடியே, ஹால் கம்ப்யூட்டர் வழியாக வீடியோவில் பார்ப்பார்.

அன்று காலை தெருவெல்லாம் வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள். வீட்டில் பெரியம்மாவின் ராஜ்ஜியம். எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. கத்தரிக்கோலைத் தொட்டாலும் திட்டு விழும்.

"ஹால்ல இருக்கறது சாயங்காலத்துக்கு வேணும். அத பூஜைல வைக்காதீங்க" என்றார் பெரியப்பா.

"அது ஒண்ணு வெளிய இருக்கட்டும்மா. மத்த ரெண்டயும் நிறுத்திட்டு வச்சிடலாம்" என்றாள் அக்கா.

"இப்பதான் பொறுப்பு வந்திருக்கு உனக்கு" என்றார் பெரியம்மா.

சித்தப்பா கீழ்பென்னாத்தூரில் சிநேகிதர் கடைப் பூஜைக்குக் காலையிலேயே போய்விட்டார். அவர் அறைக்கு அக்கா சந்தனக் கிண்ணத்தோடு போனாள், நான் குங்குமத்தோடு போனேன். அவள் கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தினாள். பெட்டிக்குப் பட்டை, திரைக்குப் பொட்டு, மேலே ஒரு சாமந்திச் சரம். மோடத்துக்கும் ஒயர் பிரியும் அந்தச் சின்னப் பெட்டிக்கும்கூடப் பொட்டு வைத்தாள்.

"அக்கா, இத நிறுத்திட்டா ஹால்ல நெட்டு..." என்று ஆரம்பித்தேன்.

படையல் ஆகும்முன் பொரியைத் தொட்டால் பெரியம்மா கையிலேயே போடுவார். அக்கா மூலையிலிருந்த பொரி மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி, நாட்டுச் சர்க்கரையோடு என் வாயில் அடைத்தாள். "தின்னுடி தங்கம். யாரு கிட்டயும் சொல்லாத" என்றாள்.

வாய் நிறையப் பொரி இருந்தால் பேச முடியாது. தின்று முடித்தபோது சொல்ல வந்ததைவிட, சாமிக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது என்பதே பெரிதாக இருந்தது.

மாலையில் வேலூர்க்காரர்கள் வந்தார்கள். அக்கா பட்டுப்புடவையில் காபி கொடுத்துவிட்டு, ஹால் கம்ப்யூட்டர் முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் எதுவும் வரவில்லை. பெரியப்பா மவுஸைத் தட்டினார், மேசையைத் தட்டினார். பிறகு சித்தப்பாவுக்குப் போன் போட்டார். அங்கே மேளச் சத்தம். சித்தப்பா கத்தியது எங்களுக்கும் கேட்டது.

"என் சிஸ்டம் ஆன்ல இருக்காண்ணா?"

"அது பூஜைல இருக்குடா!"

"அப்ப எப்டி வரும்? அத போடுங்க மொதல்ல!"

பெரியப்பா போனை வைத்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார். "ஒரு பத்து நிமிசம் போட்டுட்டு நிறுத்திடலாமா?"

"பொட்டு வச்சத எடுக்கறதா? நம்ம பொண்ணு காரியத்துக்கு நாமளே சாமி குத்தம் பண்ணுவோமா?"

"பிரவுசிங் சென்டருக்கு வேணா..."

"பொண்ணு பாக்கறது பிரவுசிங் சென்டர்லயா? அவன் மட்டும் இன்னிக்குத் தொறந்து வச்சிருப்பானா?"

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "சண்டை வேணாங்க. பூஜைல வச்சத எடுக்காதீங்க, அவங்க சொல்றதுதான் சரி. என்னா, நல்ல நாளும் அதுவுமா ஆரம்பமே தடங்கலா போச்சேன்னுதான்" என்றார். அவர் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். பொரிப் பொட்டலத்தை மறக்காமல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். வேறொரு நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

சித்தப்பா திரும்பியபோது அக்கா புடவை மாற்றிக்கொண்டு தரையில் கிடந்த பூவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒயரெல்லாம் இழுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சித்தப்பா. மறந்துட்டேன்."

"உனக்கு மறதி கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். அவ்வளவுதான். ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனார். மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டார். மூன்றிலும் இன்டர்நெட் வந்தது.

அக்கா பாவம் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். இன்ஜினியரிங் முடித்தவளுக்கே ஞாபகம் இல்லாதது எனக்கு ஞாபகம் இருந்தது, பொரி மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அவள் கல்யாணத்தை நான் காப்பாற்றியிருப்பேன் என்றும் நினைத்தேன். பின்னால் நானும் அதே படிப்புக்குப் போனேன். லேபில் ஒருநாள், எல்லாவற்றுக்கும் இணைப்பு கொடுக்கும் கம்ப்யூட்டரை யாரோ நிறுத்திவிட, வரிசையாக மற்றவற்றிலும் இன்டர்நெட் நின்றது. எனக்குப் பொரியின் ருசி நாக்கில் வந்தது. அவள் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் எதையும் ஊட்டிவிட்டதே இல்லை.

அக்காவிடம் இதை நான் கேட்டதில்லை. தீபாவளிக்குப் பிறகு சென்னைக்குப் போனவள் இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறாள். கூட வேலை பார்ப்பவரையே கல்யாணம் செய்துகொண்டாள். சித்தப்பாவின் கம்ப்யூட்டர் பரணில் இருக்கிறது. வீட்டில் இப்போது ரவுட்டர். ஆயுத பூஜைக்குப் பெரியம்மா அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார். ஆனால் அதை அணைக்க விடுவதில்லை. அன்று சாயங்காலம் அக்கா வீடியோவில் கூப்பிடுவாள்.