அரிசி டின்னுக்குள் அம்மாவின் கை

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் யாரையும் நம்பாத வயது. ஜார்ஜ் டவுனில் கீழே அத்தாவின், அதாவது என் அப்பாவின், நாசி கண்டார் கடை, மலாய்க்காரர்களும் வந்து சோறும் குழம்பும் தின்னும் சாப்பாட்டுக் கடை; மேலே எங்கள் வீடு. மதியக் கூட்டம் அடங்கியதும் அடுப்படியிலிருந்து நறநறவென்று ஒரு சத்தம் வரும். நான் போனால் நின்றுவிடும். அம்மா எனக்குத் தெரியாமல் முறுக்கு தின்கிறாள் என்று முடிவுகட்டி, மூன்று நாள் கதவிடுக்கில் காத்துக் கிடந்து கையும் களவுமாகப் பிடித்தேன். முறுக்கு இல்லை. டின்னுக்குள் கைவிட்டு, வேகாத அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லாதே என்றால் அதில் ஏதோ இருக்கிறது. கெலுகோரிலிருந்து அத்தாவின் அக்கா, என் மாமி, வந்ததும் முதல் வேலையாகப் போட்டுக்கொடுத்தேன்.

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. அரிசி தின்றால் மசக்கைதான், வேறென்ன? எனக்குப் பிறகு தொட்டில் கட்டாத வீடு. மறுநாளே பாலிக் புலாவ் ஊர்ச் சொந்தக்காரர்கள் ஜாதிக்காய் ஊறுகாயோடு வந்து இறங்கினார்கள். அம்மா இல்லை, இல்லை என்றதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிளினிக்கில் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்துபோனதால்தான் அரிசி மேல் அப்படி ஓர் ஆசையாம். எல்லோரும் தின்று முடித்தபின் மிஞ்சிய குழம்பும் சோறும், கையோடு பால் ஊற்றாத ஒரு தே ஓ டீயும் என்று காலம் தள்ளினால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று டாக்டரம்மா கேட்டாராம். மாத்திரையும் கொடுத்தார். மாமி நம்பவில்லை.

"நாசி கண்டார் கடைக்காரன் பொண்டாட்டிக்குச் சத்துக் குறைவா? ஊரே சிரிக்கும் லா. இது பிள்ளை வேணாங்குற மாத்திரை," என்றாள் அத்தாவிடம்.

அத்தா கடையைப் பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கே மாத்திரை டப்பா அலமாரியிலிருந்து மறைந்துவிட்டது. மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதை அம்மா எங்கே ஒளித்திருக்கிறாள் என்று பார்க்கச் சொன்னாள். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மடித்து வைத்த துணிகளுக்கடியில் கண்டெடுத்துக் கொடுத்தேன். மாமி அத்தனையையும் சாக்கடையில் கொட்டினாள்.

அம்மா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. என்னிடம் மட்டும், "நீயாம்மா எடுத்துக் கொடுத்தே?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகும் நான் வேவு பார்ப்பதை விடவில்லை. வேறு டப்பா வாங்கியிருப்பாள் என்று சந்தேகம். கடையிலிருந்து அம்மா மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஓசைப்படாமல் பின்னால் போவேன். பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவாள். நான் வருவது தெரிந்துபோய், என் காலடிச் சத்தத்துக்குத்தான் காது கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மேலே அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்கும். அவள் மறுபடி ஏறத் தொடங்கும்வரை, கீழ்ப்படியில் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பேன்.