எடைமேடைப் பகுதியை எழுதியவள்

என் குளிர்கிடங்கில் ஏழு அறை. ஏழையும் பக்கத்தில் நின்று கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். ஆனால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த அறையில் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியர்கள் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வாய் பிளந்திருக்கிறார்கள். எனக்குப் பிடிபடாத மெஷின் என்று ஒன்று என் காம்பவுண்டுக்குள் இருந்ததில்லை, மருமகள் எழுதிய சாப்ட்வேர் வருகிறவரை.

அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் என் புராணம் வந்துவிட்டது. போகட்டும்.

குழந்தை பிறந்து ஆறு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனவள். இருபத்தேழு கம்பெனி 'இடைவெளி அதிகம்' என்று திருப்பி அனுப்பியது. இருபத்தெட்டாவது எடுத்துக்கொண்டது. சேர்ந்த நாளில் யாருக்கும் தெரியாமல் குளியலறையில் அழுதாள் என்று என் மகன் பிறகு சொன்னான். அவள் எழுதியது எடைமேடைப் பகுதி. லாரி மேடையில் ஏறினதும் எடை எடுத்துப் பதிந்துகொள்ளும். வெளிக்கதவைத் திறக்கிற பகுதியை இன்னொரு குழு எழுதியது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு துண்டு சேர்ந்தால் ஒரு சாப்ட்வேராம். முதலில் வாங்கிப் போட்டவன் நான்தான். என் மருமகள் எழுதினதை நான் வாங்காமல் வேறு யார் வாங்குவது?

மாதத்துக்கு ஒருமுறை, காலை ஆறு மணிக்கு முதல் லாரி மேடையில் ஏறியதும், திரை அப்படியே நிற்கும். எடையும் வராது, கதவும் திறக்காது, தப்பு என்று ஒரு வரியும் வராது. எங்கள் சூப்பர்வைசர் ஒரே ஓட்டமாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று நிமிஷம் விட்டு ஏற்றுவார். எல்லாம் சமர்த்தாக ஓடும். அவருக்குப் பெயரே 'மெயின்'தான். கம்ப்ரஸர் திணறினால் முதலில் மெயினை இறக்கு, பிறகு யோசி என்று முப்பது வருஷமாகப் பழக்கியவன் நான். அந்தப் பழக்கத்தால் ஒரு கம்ப்ரஸர்கூட இங்கே எரிந்ததில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, என்னதான் கோளாறு என்று அவளைக் கேட்டேன்.

"மாமா, ஆப்பிள் அறைக்குள்ள ஒருத்தர் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கறார்னு வைங்க. உருளைக்கிழங்கு அறையில இன்னொருத்தரும் அதே மாதிரி. ஆப்பிள் அறைக்காரருக்கு உருளை அறையிலேர்ந்து ஒரு சாமான் வேணும். உருளை அறைக்காரருக்கு ஆப்பிள் அறையிலேர்ந்து ஒண்ணு வேணும். கையில இருக்கற வேலை முடியாம தாழ்ப்பாளத் திறக்கக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் உத்தரவு."

"அப்ப ரெண்டு பேரும் உள்ளயே கிடக்க வேண்டியதுதானா?"

"ஆமா மாமா. ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா காத்துக்கிட்டு இருப்பாங்க."

"எவன் மேல தப்பு?"

"யார் மேலயும் இல்ல. அதான் கஷ்டம். ஒவ்வொரு பகுதியும் முதல் தடவை தேவைப்படும்போதுதான் உள்ள வந்து ஏறும். ஏறி முடியற வரைக்கும் பூட்டிக்கும். எடையும் கதவும் ஒரே நொடியில ஏறினா மட்டும் இப்படி மாட்டிக்குது. என் ஆபீஸ்ல ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துட்டேன், ஒரு தடவை வரல."

"கதறக் கதறக் கூப்பிட்டா வராது. நம்ம சொந்தக்காரங்க மாதிரி," என்றேன். சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏனென்றால் அவளுடைய மேனேஜர், கண்ணாடிக்காரர், தப்பு எடைமேடைப் பகுதியில்தான் என்று முடிவுகட்டிவிட்டார். கதவுக் குழுவில் எட்டுப் பேர். எடைமேடையில் இவள் ஒருத்தி. மாதக் கடைசிக்குள் கதவுப் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு என்று காட்டாவிட்டால் அவளுடைய பகுதியைத் தூக்கிவிடுவார்கள், கூடவே அவளையும். காட்ட ஒரே வழி, திரை நிற்கும்போதே உள்ளே யார் எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று படம் எடுப்பது. மெயினை இறக்கினால் அந்தச் சுவடு போய்விடும். கிடங்கு மெஷினில் புதிதாக எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று கம்பெனி விதி. அவளே நேரில் வந்து தன் லேப்டாப்பைச் சொருகித்தான் எடுக்க வேண்டும்.

பதினொரு நாள் விடியற்காலையில் வந்து மாடியில் என் அறையில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பதினொரு நாளும் மெஷின் தங்கமாக ஓடியது. அது நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் முதலாளி நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டாம் நாள், மாதத்தின் கடைசி நாள், ஏழு மணிக்கே மீட்டிங் என்று அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் நின்றது.

போன் போட்டேன். "அம்மாடி, நின்னுடுச்சு!"

"தொடாதீங்க மாமா! யாரையும் தொட விடாதீங்க! இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

கம்ப்யூட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே பதினாலு லாரி. டிரைவர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருத்தன் மாடிப்படியேறி வந்து கதவில் தலையை நீட்டி, "என்ன பெரியவரே, பெட்டிக்குக் காவலா?" என்றான். "ஆமாண்டா, போய் உட்காரு" என்றேன். சிப்பந்திகள் இரண்டு பேர் கிட்டே வந்தார்கள், முறைத்தேன், போய்விட்டார்கள். இருபது நிமிஷம். திரையில் ஒரு புள்ளி அசையவில்லை. அப்படியே இரு ராசா என்று அதோடு பேசிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று திரை கறுத்தது.

கீழே ஓடினேன். சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் மெயின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பிற்பகல் வேலை. ஹாரன் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறார். மேலே வந்து யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று பழக்கியிருந்தேன் அல்லவா?

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான் முதலாளி. ஏத்திடறேன்," என்றார், மூச்சு வாங்க.

என்னவென்று அந்த மனுஷனைத் திட்டுவது?

அவள் வந்து சேர்ந்தபோது முதல் லாரி போய்க்கொண்டிருந்தது. லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பரவால்ல மாமா," என்றாள். அதற்குப் பதிலாக என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கண்ணாடிக்காரரிடம் நானே பேசினேன். இந்தத் தொழிலில் என் பேச்சைத் தட்டியவர் கிடையாது. அவர் தட்டவும் இல்லை. "உங்க வருத்தம் புரியுது ஐயா," என்றார், மூன்று தடவை. அடுத்த வாரம் அவளுடைய பகுதியை எடுத்துவிட்டு வேறொருவர் எழுதியதைப் போட்டார்கள். அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. இப்போது மறுபடி கம்பெனி கம்பெனியாக எழுதிப் போடுகிறாள். முன்பு ஆறு வருஷ இடைவெளியை மட்டும் விளக்கினால் போதும். இப்போது எட்டே மாதத்தில் ஏன் அனுப்பினார்கள் என்பதையும் விளக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி நின்றது. உள்ளே அவள் எழுதிய ஒரு வரிகூட இல்லை, அப்போதும் நின்றது. சூப்பர்வைசர் மெயினைக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து, சுவிட்சுப் பெட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"வாம்மா, வந்து படத்த எடு. ஒரு பயல் தொடல. சாயங்காலம் வரைக்கும்கூட வெச்சிருப்பேன்."

"நான் எடுக்க முடியாது மாமா. அதுக்குள்ள போற அனுமதிய எடுத்துட்டாங்க. நான் எடுத்தா திருட்டு."

"அப்ப உன் கம்பெனிக்காரனக் கூப்பிடறேன்."

"கூப்பிட்டுப் பாருங்க."

கூப்பிட்டேன். கண்ணாடிக்காரர் லீவில் இருந்தார். போனை எடுத்த பையன் மெஷினை அணைத்துப் போடச் சொன்னான்.

திரும்ப அவளிடம் சொன்னேன். பேத்தி ஷூவைத் தேடுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"எவ்வளவு நேரமா நிக்குது மாமா?"

"நாப்பது நிமிஷம்."

"பாவம், டிரைவருங்க காத்திருப்பாங்க," என்றாள். "அணைச்சுப் போட்டு அனுப்பி விடுங்க."