வல்லிபுரத்தார் ஐந்துக்கு நாலு எடுத்த கதை

வல்லிபுரத்தார் வருடத்தில் முந்நூற்று ஐம்பத்தெட்டு நாள் மனிதராகவும் ஏழு நாள் தெய்வமாகவும் இருந்தார். ஆரையம்பதிக்குத் தெற்கே வாவிக்கரையோரச் சின்னக் குறிச்சி ஒன்றில் இந்த ஏற்பாடு முப்பத்தொரு வருடமாகப் பிசகில்லாமல் நடந்து வந்தது. மனிதராக இருக்கும் நாட்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுவார். கறியில் உப்புக் கூடினால் ஒரு சொல்லும் பேசாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து கையில் காப்புக் கட்டியதும் அதே மனிதர் உடுக்குச் சத்தத்துக்கு நடுங்குவார், கண் செருகும், மூச்சு வாங்கும். ஊர் வரிசையில் வந்து கேள்வி கேட்கும். காணாமற்போன மாடு முதல் கட்டார் விசா வரைக்கும் அம்மனின் வாக்கு அவர் வாயால் வரும்.

இந்தச் சிறப்பில் ஒரு சிக்கல் இருந்தது. அறுபத்தேழாவது வயதில் அவருக்கு நிமோனியா வந்தபோது, அதன் அறிகுறிகள் அனைத்தையும் அம்மன் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.

சடங்கின் மூன்றாம் நாள் காலை. விரதக்காரர் முறைப்படி கிணற்றடியில் முழுகி, ஈரவேட்டியோடு வந்த வல்லிபுரத்தார், கோயில் முன்மண்டபத் தூணில் சாய்ந்து நடுங்கத் தொடங்கினார். உடுக்கு இன்னும் உறைக்குள்தான் இருந்தது.

“அம்மா இண்டைக்கு நேரத்தோட வந்திட்டா,” என்றார் கோயில் நிர்வாகத் தலைவரான வண்ணக்கர் பூபாலபிள்ளை. நேரந்தவறாமையை எவரிடம் கண்டாலும் மெச்சுகிறவர் அவர்.

கால்மணி நேரத்தில் வரிசை கூடிவிட்டது. முதலில் வந்தவள் மகளின் கலியாணத்தைப் பற்றிக் கேட்டாள்.

“வலை பாரம்,” என்றார் வல்லிபுரத்தார் இளைத்து இளைத்து. “நண்டு வெட்டுது.”

“மாப்பிள்ளை வாவிக்கரைப் பக்கம்,” என்று வண்ணக்கர் விளக்கம் கொடுத்தார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மனைவி சீதேவி மட்டும் தூணருகே நின்று புருசனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நாவற்பழம் தின்றவனின் உதடுபோல் கறுத்திருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவர்மேல் அம்மன் வருவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அம்மன் ஒருநாளும் இருமியதில்லை. முந்தாநாள் இந்த மனிதர் வேலியோரம் துப்பிவிட்டு அவசரமாக மண்ணைத் தள்ளி மூடியதை அவள் கண்டிருந்தாள். மண்ணைக் கிளறிப் பார்த்தபோது சளி செங்கல் நிறத்தில் இருந்தது. வலது விலாவைப் பிடித்துக்கொண்டே படுத்ததும் தெரியும். இப்போது அவள் ஒரு மூச்சு விடுவதற்குள் அவர் மூன்று விட்டார்.

“அண்ணன், இது அம்மா இல்ல,” என்றாள் வண்ணக்கரிடம். “வருத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்.”

“என்னகா விசர்க் கதை கதைக்காய்? காச்சலே இல்ல. தொட்டுப் பாரு, ஐஸ் மாதிரி.”

“அதுதான் பயமாக் கிடக்கு.”

“காப்போட ஆள் எல்லை தாண்டினா ஊருக்கு என்ன வருமோ. அதுவும் ஆஸ்பத்திரிக்கு. அங்க செத்த துடக்கும் பிறந்த துடக்கும் ஒரே கூரைக்குள்ள, முழுத் தீட்டு. அம்மா உத்தரவு தந்தாலொழிய ஒண்டும் ஏலாது.”

சீதேவி பக்கத்தில் நின்றவளிடம் ஒரு வெற்றிலை வாங்கிக்கொண்டு, தன் புருசனிடம் கேள்வி கேட்பதற்காக வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் பதினொரு பேர். ஒருவன் கிணறு வெட்டும் இடம் கேட்டான். ஒருத்தி நாத்தனாரின் நகை போன வழி கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் குறுகிக்கொண்டே வந்தது. ஒன்பதாவது ஆளுக்கு வெறும் முனகல்தான்.

முறை வந்தது. வெற்றிலையை வைத்துவிட்டு, “தாயே, உன்ர பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டா?” என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். நண்டு வளைக்குள் தண்ணீர் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம். வேறொன்றும் இல்லை.

எழுந்து நின்றாள். “ஓமாம். உடனயாம்.”

“எனக்குக் கேக்கல்லையே,” என்றார் வண்ணக்கர்.

“நீங்க கேள்வி கேக்கல்லையே அண்ணன். ஓட்டோவிலயாம்.”

“ஓட்டோவெண்டுமா சொன்னா?”

“ரதீஸ்ட ஓட்டோவெண்டு பேரும் சொன்னா.”

வரிசையில் ஆறாவதாக நின்று விசாவைப் பற்றிக் கேட்டிருந்த ரதீஸ், தெய்வவாயால் பெயர் சொல்லப்பட்ட பெருமையில் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான். அம்மனைத் தனியே அனுப்புவது முறையல்ல என்று வண்ணக்கரும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு தேடிய தாதி, காப்பை ஒரே வெட்டாக வெட்டினாள். சீதேவி அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். டொக்டர் றமீஸா குனிந்து, “ஐயா, இது என்ன இடம்?” என்று கேட்டார்.

“என்னைக் கேக்க நீ ஆர்?” என்றார் வல்லிபுரத்தார்.

“அம்மா அப்பிடித்தான் பேசுவா, டொக்டர்,” என்றார் வண்ணக்கர், பெருமையாக.

டொக்டர் சீதேவியைப் பார்த்தார். “வீட்டிலயும் இப்பிடித்தானா?”

“வீட்டில அவர் கதைக்கிறதே குறைவு. இது அவர் இல்ல, டொக்டர்.” வண்ணக்கரைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மாவும் இல்ல.”

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நோயின் கடுமையை அளக்க டொக்டர்மாரிடம் ஐந்து மார்க் சோதனை ஒன்று இருந்தது. நினைவுத் தடுமாற்றம், நிமிடத்துக்கு முப்பத்தெட்டு மூச்சு, இறங்கிய பிரஷர், வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். இரத்தத்தில் யூரியா மட்டும் கூடவில்லை. வயல்காரராக இருந்திருந்தால் அதிலும் தேறியிருப்பாரோ என்னவோ. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதர் ஐந்துக்கு நாலு எடுத்திருந்தார்.

“நாலு நல்லதா, டொக்டர்?”

“இந்தச் சோதினையில மார்க் கூடக் கூட எங்களுக்குப் பயம், அம்மா. வயசானவங்களுக்குச் சில நேரம் காய்ச்சலும் காட்டாது. கொண்டு வந்தது நல்லம். ஆனா இப்ப ஒண்டும் சொல்லேலாது.”

மூன்று நாள் சீதேவி ஒட்சிசன் முகமூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கட்டிலில் ஒரு மார்க்கும் எடுக்காத செங்கலடி மேசன், குளிசைப் பையோடு வீட்டுக்குப் போனான். ஒன்பதாம் கட்டிலில் மூன்று மார்க் எடுத்தவர் இருந்தார். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அங்கே மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றுக்கே இப்படியென்றால் நாலுக்கு? போதாததற்கு அம்மன் பேரில் பொய் சொல்லியிருந்தாள். முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு, “பொய் சொன்னது நான். பிடிக்கிறதெண்டா என்னைப் பிடி,” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் காலை கஞ்சியை ஒரு கரண்டி வாயில் வைத்தாள். வல்லிபுரத்தார் கோப்பையைத் தள்ளிவிட்டார். உப்புக் கூடிவிட்டதாம். சீதேவி சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

டொக்டர் வந்து இடம் கேட்டார், கிழமை கேட்டார். இரண்டுக்கும் சரியாகப் பதில் வந்தது. அவர் போனபின் வல்லிபுரத்தார் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

“காப்பு எங்க?”

முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

“சடங்கு முடியமுதல் எல்லை தாண்ட ஆர் உத்தரவு தந்தது?”

“அம்மா.”

“என்ர வாயாலயா?”

சீதேவி கஞ்சியை மெதுவாகக் கலக்கினாள். “எல்லாருக்கும் கேட்டது.”

அவர் காப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “குரல் எப்பிடி இருந்தது?”

“உங்கட குரல் மாதிரியே இல்ல.”

வல்லிபுரத்தார் திருப்தியோடு தலையாட்டிவிட்டு, கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.