வேலிக்கு அந்தப் பக்கத்துத் தட்டு

நேற்று போளூரில் மலைக்குப் போகும் பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டேன். அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. எதிரே இருந்த பேக்கரியில் போய் உட்கார்ந்து டீ சொன்னேன். வெண்ணெய் பிஸ்கட் வெந்துகொண்டிருந்த வாசனை. யாரோ போட்ட பாட்டு முடிந்தால் போன் தன் இஷ்டத்துக்கு அடுத்ததை ஓட்டும் இல்லையா, அப்படி ஓடி வந்து நின்றது ஒரு சாக்சபோன். இரண்டு ஊதலிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என் விரல் தானாக மேசையைத் தட்ட ஆரம்பித்தது. ஒரு தட்டு, ஒரு இடைவெளி. மறுபடி ஒரு தட்டு, ஒரு இடைவெளி.

பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, டீ லேட்டுன்னு மேசைய ஒடைக்கிறீங்களா? தோ வந்துட்டேங்க!"

அவருக்கு எங்கிருந்து சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி ராஜேஸ்வரிக்கும், நடந்த சண்டையின் பாட்டு அது.

முதலில் அது ஒரு கார்ட்டூன் படத்துப் பாட்டு. நரிக்குட்டி ஒன்று மழையில் அம்மாவைத் தேடிப் போகும். ஜமுனாமரத்தூருக்கு மேலே எங்கள் ஊரில் அப்போது எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே டிவி. பாகம் பிரித்தபோது அது அவர்கள் பங்குக்குப் போனது. போகட்டும். மறு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் போட்டார்கள். என் மகள் மலர் அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தாள். நரிக்குட்டி ஆற்றைத் தாண்டப் போகிற சமயம், ராஜேஸ்வரி வந்து ஜன்னலைச் சாத்தினாள். படீரென்றுகூட இல்லை. மெதுவாக, தாழ்ப்பாளையும் போட்டு.

குழந்தை அங்கேயே நின்றது. உள்ளே பாட்டு மட்டும் கேட்டது. "அம்மா, நரி அம்மாவ பாத்துச்சா இல்லியா?" என்று ராத்திரி சோறு இறங்காமல் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு நான் மனதுக்குள் ஒன்று வைத்துக்கொண்டேன். என்றைக்காவது ஒருநாள் என் மகள் போடும் பாட்டை இவள் காது குளிரக் கேட்க வேண்டும், நல்லா இருக்குது என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். சின்னத்தனமான ஆசைதான். பெரிய ஆசைகளுக்கெல்லாம் அப்போது எனக்கு நேரம் இல்லை.

வருஷங்கள் ஓடின. மலர் வேலூரில் நர்சிங் படிக்கப் போனாள். ஒரு மாசி மாதம் லீவுக்கு வந்தவள் பையிலிருந்து சொம்பு அளவுக்கு ஒரு ஸ்பீக்கரை எடுத்தாள்.

"ஹாஸ்டல்ல ஒரு அக்கா குடுத்தாம்மா. பழைய கார்ட்டூன் பாட்டையெல்லாம் ஜாஸ்ல வாசிச்சிருக்காங்க. கேளேன்."

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டபோது நாதஸ்வரத்துக்கு ஜலதோஷம் பிடித்தது போல இருந்தது. பின்னாலேயே துடைப்பத்தால் வாசல் பெருக்குகிற மாதிரி ஒரு டிரம். வார்த்தை கிடையாது, படமும் கிடையாது. நரிக்குட்டி பாட்டு மட்டும், அசைந்து அசைந்து, கொஞ்சம் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் நடையில் வந்தது.

மாசி, பங்குனி எங்களுக்குப் புளிக்காலம். காயவைத்த புளியை ஓடு நீக்கி, கல்லின் மேல் வைத்து, இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். முதுகு ஒடியும் வேலை. அந்த வருஷம் நாங்கள் மூன்று பேரும் பாட்டுக்குத் தட்டினோம். என் வீட்டுக்காரர் இரண்டாவது பாட்டிலேயே விரலை நசுக்கிக்கொண்டார்.

"இன்னாமே இது, எங்க தட்டணும்னே தெரியல! கம்பி கீழ வர்ற நேரத்துல பாட்டு நழுவிக்குது!"

"பாட்டு நழுவல. நீங்கதான் ஊர் பஸ் மாதிரி லேட்டு" என்றேன். மலர் சிரித்ததில் புளிக்கூடை கவிழ்ந்தது. புளிப்பு வாசனையில் வாய் ஊற, விரலெல்லாம் பிசுபிசுக்க, நரிக்குட்டியை நாங்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம்.

இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் வருகிறேன். புளியமரம் எல்லையில் நின்றது. எங்கள் பக்கம் விழுவது எங்களுக்கு, அவர்கள் பக்கம் விழுவது அவர்களுக்கு. ஆகவே அதே நேரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், முள்வேலிக்கு அப்பால் ராஜேஸ்வரியும் தட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் நேரில் பேசுவதில்லை. எல்லாம் ஜாடைதான். அவள் தன் கோழியைத் திட்டினால் அது எனக்கு. நான் என் ஆட்டைத் திட்டினால் அது அவளுக்கு. அந்தக் கோழியும் ஆடும் வாங்கிய வசவை எந்த மாமியாரும் மருமகளுக்குக் கொடுத்திருக்க மாட்டாள்.

"த்தூ, மானங்கெட்ட கோழி! நாலெழுத்து படிச்சிட்டா கொக்கரிக்கிறதுகூட இங்கிலீசுல ஆயிடுமா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து வந்தது.

"ஏ ஆடே, காது இருக்கிறதுக்குத்தான் பாட்டு. உனக்கு இருக்கிறது வாய்தானே!" என்று நான் அனுப்பினேன்.

ஒருநாள் பாட்டு நடுவே ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்து சட்டென்று நின்றது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு முனகல் அதைத் தொடர்ந்தது. நரிக்குட்டி ஆற்றைத் தாண்டும் வரி. நாங்கள் கம்பியைத் தூக்கியபடி அப்படியே இருந்தோம். அவளுக்குச் சுரணை வந்ததும் முனகல் அறுந்தது. அடுத்த நொடி, "ஏ கோழி!"

என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஆட்டை விட்டுவிட்டு நேராகவே கத்தினேன். "இன்னாக்கா, பாட்டு நல்லா இருக்குதா?"

"உங்க வூட்டு ஊதல கேக்கணும்னு எனக்கு இன்னா தலையெழுத்தா? தூங்கினவகூட எழுந்து ஓடுவா!"

நல்லா இருக்குது என்கிற அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் பழிவாங்க வந்தாள். நாங்கள் பாட்டைப் போட்டதும், வேண்டுமென்றே, எங்கள் தட்டு விழாத இடமாகப் பார்த்துத் தட்டினாள். நான் ஒன்று தட்டினால் அவள் அதற்குப் பின்னால் வெற்றிடத்தில் ஒன்று. டங். மறுபடி நான். மறுபடி அவள், இன்னும் ஓங்கி. என் தாளத்தைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்குகிறாள்! "பாத்தியாடி உன் பெரியம்மாவ?" என்று மலரிடம் சீறினேன்.

மலர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, பெரியம்மாதான் கரெக்டு. இந்தப் பாட்டுல தட்டு அங்கதான் விழணும். நீதான் தப்பா தட்ற."

கம்பியை வீசி எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். என் ஜென்ம விரோதி, என்னைக் கெடுக்க நினைத்து, என் பாட்டை என்னைவிடச் சரியாக வாசிக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் வீட்டுக்காரர் விரலில் கட்டோடு சிரிக்கிறார்.

ஆனாலும் அடுத்த நாள் போய் உட்கார்ந்தேன். அவளும் விடவில்லை. நான் வேகம் கூட்டினால் கூட்டினாள். நான் நிறுத்தினால், டங், "இன்னா, கை வலிக்குதா?" என்பது போல ஒன்று. அந்த வருஷம் எங்கள் புளி சீக்கிரம் தீர்ந்தது. அவளுடையதும்தான். கடைசிக் கூடையைக் காலி செய்தபோது எனக்கு ஏனோ இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று பட்டது. ஆட்டைப் பிடித்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு எழுந்தேன்.

அப்படி மூன்று நான்கு மாசிகள் போயின. போன ஐப்பசியில் அவள் மகன் வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பெற்றவர்களையும் அழைத்துக்கொண்டு கீழே போய்விட்டான். கோழிகளைச் சந்தையில் விற்றிருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஜாடையாகக்கூட. சண்டையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறவளை என்னவென்று சொல்வது? போனதும் ஒரு வீம்புதான் என்று வைத்திருக்கிறேன்.

இந்த மாசியில் மலர் வந்தாள், பாட்டைப் போட்டாள். வேலிக்கு அப்பால் அவர்கள் பங்குப் புளி உதிர்ந்து எறும்பு மொய்க்கக் கிடக்கிறது. எடுத்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை, நான் தொடமாட்டேன். அன்றைக்கு என் பிள்ளை முகத்துக்கு நேரே சாத்திய ஜன்னல் இன்றைக்கும் சாத்தியே இருக்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை. உள்ளே இருந்து பாட்டுச் சத்தம் மட்டும் வருவதில்லை.

நான் ஒன்று தட்டினேன். அடுத்தது விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் விழவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வுடு, அத நான் தட்றேன்" என்று கம்பியைத் தூக்கினார்.

"கைய எடுங்க" என்றேன். "அது அவ எடம்."