ஒரே கிண்ணத்துச் செம்மஞ்சள்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டிப் பிழைப்போரே, சூளைக்குள் அனுப்பிய நிறமே வெளியில் வருமென்று நம்பி ஏமாந்தவர்களில் அடியேனும் ஒருவன்.

ஜோடி

மங்கலம்பேட்டையில் பறவைக்கடை நடத்தும் இஸ்மாயில் பாய் இரண்டு படங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, தென்னமெரிக்கக் காட்டின் நச்சுத் தவளை. கடையின் மீன்தொட்டிக்கு அலங்காரம். மற்றொன்று, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டுடைய ஜீப்ரா பின்ச் ஆண்குருவி. அவர் வீட்டுக் கூண்டில் ஆண் இறந்துவிட, பெண் இரை தொடாமல் கிடந்தது. அதற்குத் துணையாக ஒரு பொம்மை வேண்டுமாம்.

"அண்ணே, எம் பொண்ணும் அது கூடவே பட்டினி கெடக்குறா. உசுரு இருக்கற மாதிரியே செஞ்சு குடுங்க."

பொட்டு

இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் உயிர்கள். அச்சுக்காரர் வார்த்துத் தந்த இரண்டுக்கும் ஒரே கிண்ணத்துச் செம்மஞ்சளைத் தீட்டினேன். தவளையின் முதுகில் அந்நிறம் "தின்றால் சாவாய்" என்னும் எச்சரிக்கை. குருவியின் கன்னத்திலோ பெண்ணை அழைக்கும் அழகு. தவளை காட்டெறும்புகளைத் தின்று நஞ்சு சேர்க்கிறது. குருவி தினையைத் தின்று பாடித் திரிகிறது.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கையில், சூளை அடுக்கும் கோவிந்தன் தவளையைத் துணியால் பிடித்துத் தூக்கினார்.

"வர்ணந்தான்னு தெரியுதுங்க. கைதான் கேக்க மாட்டேங்குது."

சூளை திறந்தபோது

தவளையை அவசரமாக ஓரத்தில் இறக்கிவிட்ட கோவிந்தன், குருவியை மிஞ்சிய இடத்தில், நெருப்பு வாயருகே வைத்திருந்தார். தவளை தணலாய் மின்னியது. குருவியின் பொட்டு மட்டும் சூட்டில் எரிந்து, கன்னம் வெளுத்திருந்தது. மறுபடி செய்து தருகிறேன் என்றேன். பாய்க்குப் பொறுமையில்லை.

"குடுங்கண்ணே, குருவிக்கு என்னா தெரியப்போவுது?"

கூண்டு

மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். பீங்கான் குருவி தனியே நின்றது. பாயின் மகள் பர்வீன், கடைக்குப் போகவேண்டிய தவளையையும் விளையாட்டாகக் கூண்டுக்குள் வைத்திருந்தாள். பெண்குருவி அதன் செம்மஞ்சள் முதுகில் உடம்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு இறங்கித் தினை கொத்தியது. ஒரு மணியை மட்டும் விழுங்காமல், தவளையின் மூடிய வாயில் வைத்துக் காத்திருந்தது.

பாய் கை நீட்டித் தவளையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். குருவி சுற்றிவந்து மறுபடியும் அந்த வாய்க்கெதிரே நின்றது. தவளைக்கு நான் வைத்த கரிய கண்கள், விழுந்து கிடந்த தினையையே பார்ப்பதுபோல் இருந்தன. தவளையை வெளியே எடுக்கப் போன பாயின் கையைப் பர்வீன் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க அத்தா. அது வாயத் தொறக்கும்னு இது காத்துக்கிட்டு இருக்குது."

அந்தக் குருவி, அந்த வாய் திறக்குமென்று காத்தபடியே, இன்றுவரை நன்றாகத் தின்கிறது. தவளையை வாய் மூடியபடியே வார்த்துக் கொடுத்த அச்சுக்காரரைத்தான் நான் தினமும் மனத்துக்குள் வாழ்த்திக்கொண்டிருக்கிறேன்.