தங்கத்தின் காதடிக் கட்டி

திரு-கொச்சி ராஜ்யமாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் உதவி சர்ஜன். எங்கள் பெரிய டாக்டருக்கு நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது கௌரவக் குறைச்சல். வார்டு வாசலில் நின்றபடியே நோய்க்குப் பெயர் வைத்துவிடுவார். வைத்த பெயரை மாற்ற மாட்டார். நோய்தான் மாறிக்கொள்ள வேண்டும்.

தங்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாகர்கோவில்காரி. கோட்டைக்குள் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வந்தாள். இடது காதின் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை.

"பரோட்டிட் ட்யூமர். அரை மணிக்கூர் ஜோலி" என்றார் பெரிய டாக்டர், வாசலிலிருந்தே. பரோட்டிட் என்பது காதடியில் இருக்கும் எச்சில் சுரப்பி. முகத்தை அசைக்கும் ஃபேஷியல் நரம்பு அதற்குள்தான் கிளை பிரிகிறது.

நான் அவளை உட்காரவைத்து விசாரித்தேன். சில மாதங்களாக இடது கண்ணிமை தானாகத் துடிக்கிறது என்றாள். சாதாரண சுரப்பிக் கட்டியில் அப்படித் துடிப்பது அபூர்வம். கட்டி நரம்பிலேயே இருக்கலாம் என்று பெரிய டாக்டரிடம் சொன்னேன். மதராஸில் படித்தவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் அதிசய நோய்தான் என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அங்கே பிரமோஷன் அந்தச் சிரிப்புக்குத்தான்.

ஆபரேஷனைப் பார்க்க வெளியூர் டாக்டர்கள் இரண்டு பேரைப் பெரிய டாக்டர் அழைத்திருந்தார். மயக்க மருந்து கொடுப்பவர் அன்று லீவு. தள்ளிப்போட்டால் விருந்தாளிகள் ஊருக்குப் போய்விடுவார்களே! அந்த இடம் மரத்துப்போகத் தோலுக்கடியில் நோவோகெய்ன் ஊசி மட்டும் போட்டார்கள். தங்கம் முழு நினைவோடு படுத்திருந்தாள்.

சுரப்பியை விலக்கியதும் விஷயம் தெரிந்தது. வெள்ளை நரம்பு ஒரு பக்கம் கட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. நடுவில் மஞ்சளாக, வழவழவென்று கட்டி. அவர் ஃபோர்செப்ஸால் தொட்டார். அவள் வாயோரம் வெட்டி இழுத்தது. மறுபடி தொட்டார். மறுபடி இழுத்தது.

"சார், இது நரம்புக் கட்டிதான். நியூரினோமா மாதிரி இருக்கு. மெதுவாத்தான் வளரும், பரவாது. எடுத்தா நரம்பும் கூடவே போகும். பாதி முகம் விழுந்துடும்" என்றேன்.

"இவங்க ரெண்டு பேரும் நான் வெறுங்கையோட தையல் போடறதைக் காணவா வந்திருக்கு? நீர் சும்மா இரும்" என்று கத்திக்காகக் கையை நீட்டினார்.

துணிக்கு அடியிலிருந்து தங்கத்தின் குரல் வந்தது. "சாரே, வாய் கோணிப்போனா நான் எப்படி ஃபோன்ல பேசுவேன்? கட்டி அங்கயே கெடக்கட்டு. வெட்டாண்டாம்."

நீட்டிய கை இறங்கவில்லை. விருந்தாளிகளில் மூத்தவர், அந்தப் பெண் வேண்டாம் என்கிறாளே என்று மெல்லச் சொன்னார். அப்போது இறங்கியது.

பெரிய டாக்டர் தையலை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கேஸ் ஷீட்டில், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார். பிறகு நடந்த டாக்டர்கள் கூட்டத்தில், நரம்புக் கட்டியை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தாம் முகத்தைக் காப்பாற்றிய விதத்தை விரிவாகப் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது.

தங்கம் வருஷா வருஷம் வந்தாள். கண்ணை இறுக மூடச் சொல்வேன், சீட்டியடிக்கச் சொல்வேன், கட்டியை அளப்பேன். முகம் தளர ஆரம்பித்தால் கட்டியை எடுத்துவிட்டுத் தொடை நரம்பை வைத்து ஒட்டிப் பார்க்கலாம், ஆனால் பழைய முகம் முழுசாகத் திரும்பாது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நான் அந்த ஆஸ்பத்திரியை விடும்வரை அதற்கு அவசியம் வரவில்லை.

இளம் சர்ஜன்களுக்கு ஒன்று சொல்வேன். காதடிக் கட்டி எதுவானாலும், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: கட்டி நரம்பில் இருந்தால் என்ன செய்யட்டும் என்று. தங்கத்துக்குப் பிறகு நான் கேட்காமல் கத்தி எடுத்ததில்லை. பெரிய டாக்டர் அதை வோட்டெடுப்பு என்று கேலி செய்வார். கத்தி பிடித்தவருக்கு மட்டுமே வோட்டு இருந்த ஆஸ்பத்திரியில் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.